கட்டைவிரலுக்குக் கீழே

வண்டிச் சத்தம். பூவலிங்கம் எழுந்தார். இல்லை, குப்பை வண்டி. குப்பை வண்டிக்கு நிற்கும்போது ஒரு இருமல் உண்டு, தபால் வண்டிக்கு அந்த இருமல் கிடையாது, அது வந்து நிற்பதே தெரியாது, அதுதான் வம்பு, தெரியாமல் வந்து, தெரியாமல் கதவைத் தட்டி, ஆள் வரவில்லை என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும், அப்புறம் நாளைக்குத்தான், அதுவும் மருந்துக் கடைக்குள் இருக்கிற தபால் கவுண்டரில், சளி மருந்து வாங்க வந்தவர்களுக்கு நடுவில் நின்று, அந்த நீளமான அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். நாளை வரைக்கும் தாங்காது. இன்றைக்கே தாங்கவில்லை. காலையில் தொழிற்சாலைக்குப் போன் போட்டு, குரலைக் கொஞ்சம் கம்மவைத்துக்கொண்டு, காய்ச்சல் என்று சொன்னார்; சொன்ன கையோடு உடம்பு நிஜமாகவே சுட ஆரம்பித்துவிட்டது. கழிப்பறைக்குப் போகவேண்டும், போகவும் பயம். அது மாடியில் இருக்கிறது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட நேரம் பார்த்துத்தான் தட்டுவார்கள், உலகத்துத் தபால்காரர்கள் அத்தனை பேருக்கும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை. உலகம்மை இருக்கிறாள், கதவைத் திறப்பாள். ஆனால் துப்பாக்கிப் பெட்டிக்கு அவள் கையெழுத்துப் போடுவாளா என்பது வேறு விஷயம். வேண்டாம், அடக்கிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு வெளியே கனடாவின் கிச்சனர் நகரத்துப் பங்குனி மாதம், தெருவோரத்துப் பனி கறுத்துக் கூழாகிச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கூழில் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார்களோ? அட்டை ஊறிவிடுமே. அட்டை ஊறினால் ஊறட்டும், உள்ளே கட்டை, அந்தக் கட்டை, அந்தக் கட்டை எப்படி இருக்கிறதோ. அவர் திரைச்சீலையை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருதீயளா? நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருததப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றாள் உலகம்மை. உத்திரத்துக்குக் கோயிலுக்குக் கட்டிப்போகச் சுங்குடிச் சேலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிச் சேலையில் தெளித்து, ஈரத் துண்டு ஒன்றில் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தாள்.

"வண்டி வந்த மாதிரி இருந்துச்சு."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நீங்க இம்புட்டுத் தவிச்ச மாதிரி தெரியலையே. மிக்சரத் தின்னுக்கிட்டுல்லா உக்காந்திருந்தீய."

அன்றைக்குத் தவித்தார். மிக்சர் தின்றதே தவிப்பில்தான், கை சும்மா இருந்தால் நடுங்கும் என்று தின்றார், கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறார் மாப்பிள்ளை என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை; சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டால்? எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. பழைய ராணுவத் துப்பாக்கி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கூடுகிற இணையதளம் ஒன்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா மேய்வது அவர் வழக்கம், ஊரில் மற்றவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் காலாற நடப்பதுபோல. சஸ்காச்சுவானில் ஒரு கிழவர், பெயர் நார்ம், லீ என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றை விற்கப் போட்டிருந்தார். இந்தியாவில், இஷாப்பூர் ஆலையில், உலகப்போர்க் காலத்தில் செய்தது. இரும்பெல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது, தோளில் வைக்கிற பின்கட்டைதான் மோசம், யாரோ ஆணியால் கொத்தி வைத்திருக்கிறார்கள், என்று எழுதி, அந்தக் கொத்தலைக் காட்ட ஒரு படம் போட்டிருந்தார். கட்டையை வெளிச்சத்தில் பிடித்திருக்கிறது ஒரு கை. தடித்த, நகம் உடைந்த, மாட்டுக்காரக் கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. மற்றவர்கள் பார்த்தால் பூச்சி அரித்த ஓட்டை என்று நினைப்பார்கள். பூவலிங்கமும் முதலில் அப்படித்தான் தாண்டிப் போனார், போனவர் ஏன் திரும்பி வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை, படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து ஒரு துணைக்கால் ஆயின, அதற்குப் பக்கத்தில் ஒரு 'யி'. யி. தலைக்குமேல் சுழியோடு, ஒழுங்காக, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த கையெழுத்தில். இந்த நாடு முழுக்க இருக்கிற பழந்துப்பாக்கிப் பைத்தியங்களில் அதைப் படிக்கத் தெரிந்த பைத்தியம் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். சாப்பிட வாங்க என்று உலகம்மை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், தோசை ஆறிக்கொண்டே இருந்தது, அவர் அந்த யி-யைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புள்ளியாகக் குத்தின எழுத்து அவருக்கு எப்படிப் பிடிபட்டது என்றால், அது வீட்டுத் தூக்குவாளி ஒன்றால். இந்த நாட்டில் துப்பாக்கி உரிமம் வாங்கவேண்டுமானால் கட்டின மனைவிக்குத் தெரியாமல் முடியாது. அன்றைக்கு உலகம்மை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள். துப்பாக்கியில் போல்ட் என்று ஒரு இரும்புத் தண்டு உண்டு, அதை உருவிவிட்டால் துப்பாக்கி வெறும் உலக்கை. துப்பாக்கிகள் கீழ்த்தளத்தில் அவர் பூட்டின அலமாரியில் இருக்கட்டும், போல்ட் எல்லாம் தன்னிடம் இருக்கும் என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டின் போல்ட்டுகள் பழைய சேலைத் துணியில் சுற்றப்பட்டு, சமையலறை மேல்தட்டில், அவள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளிக்குள் கிடக்கின்றன. சுடப் போகிற நாளில் அவர் போய் நிற்பார், ஏளா அந்தத் தூக்கை எடேன் என்பார், எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டு, சின்னப் பிள்ளைக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். தூக்கின் கழுத்தில் மா. உலகம்மை என்று இருக்கும். தென்காசியில் பாத்திரக் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சின்ன உளியும் சுத்தியுமாகப் பெயர் வெட்டுகிறவர் வெட்டியது, டொக் டொக் டொக் என்று, ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாக. அதே மாதிரி. அதே டொக் டொக். ஒரு பட்டாளத்து ஆள் எங்கேயோ ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, ஆணி நுனியைக் கட்டையில் வைத்து, கல்லால் தட்டித் தட்டி அமுக்கியிருக்கிறான். அரசாங்கத்துத் துப்பாக்கியில். சார்ஜென்ட் பார்த்தால் தோலை உரித்திருப்பான். அப்படியும் குத்தியிருக்கிறான், அவசரமில்லாமல், வரி கோணாமல்.

ஆனால் யார்? யி என்று முடிந்தால் பெண்பெயர். காத்தாயி, மருதாயி, கருப்பாயி, பூவாயி, சிட்டாயி. பஸ்ஸில் போகும்போது, வேலையில் வார்ப்பு உருளைகளை அளக்கும்போது, குளிக்கும்போது அவர் வாயில் இந்தப் பெயர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு தடவை உலகம்மை குளியலறைக் கதவைத் தட்டி, யாரு அது மருதாயி என்று கேட்டாள், கேட்ட குரல் அவ்வளவு நன்றாக இல்லை, அதற்கப்புறம்தான் அவளிடம் படத்தைக் காட்டி முழுக்கதையையும் சொன்னார். வீராயியாக இருக்கலாம், மூக்காயியாக இருக்கலாம், ஒன்றும் வேண்டாம், துப்பாக்கியில் சிப்பாயி என்று எழுதி வைத்த புத்திசாலியாகவும் இருக்கலாம், அப்படியிருந்தால் என்ன செய்வது, இத்தனை தவிப்பும் ஒரு சிப்பாயிக்கா, சிரிப்பு வந்தது, தனியாகச் சிரித்தார், உலகம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். எல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கக் கூடாதா மனுஷன். ஒரு விரல் அகலம். ஒரு விரல் அகலத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். இன்னொரு படம் அனுப்பு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் விலை ஏறும், அல்லது விற்கவே மாட்டேன் என்பார், அல்லது அருங்காட்சியகம் எதற்காவது கொடுத்துவிடுவார், இப்படி ஆயிரம் கணக்குப் போட்டார். இங்கேதான் அவர் புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியை இப்போது நினைத்தால் செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

என்ன எழுதினார்? துப்பாக்கி பரவாயில்லை, ஆனால் பின்கட்டையில் அந்தக் கொத்தல் கண்ணைக் குத்துகிறது, பார்க்கவே சகிக்கவில்லை, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன். கண்ணைக் குத்துகிறதாம். அவர்தான் எழுதினார், இந்தக் கைதான் தட்டச்சு செய்தது, அனுப்பிவிட்டுச் சாமர்த்தியமாகக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நார்ம் நல்ல மனுஷன், விட்டுக்கொடுத்தார், போனில்கூட ஒரு தடவை பேசினார், கோதுமை வயலெல்லாம் மகனிடம் ஒப்படைத்தாகிவிட்டது, குளிர்காலத்தில் கொட்டகையில் ஆடுநாற்காலி செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பேன், மரம் என்றால் எனக்கு உயிர், என்றார். மரம் என்றால் உயிர். அப்போது அது காதில் இனிமையாகத்தான் விழுந்தது. துப்பாக்கியை அனுப்பிவிட்டேன் என்று தகவல் சொன்னபோதுதான் அந்த வரி வந்தது: உனக்கு ஒரு சின்ன ஆச்சரியம் வைத்திருக்கிறேன், பெட்டியைத் திறந்ததும் தெரியும். என்ன ஆச்சரியம்? பழைய தோல் வார் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பார். துடைக்கிற எண்ணெய் ஒரு குப்பி வைத்திருப்பார். அவருடைய கொட்டகையில் எடுத்த தேன் ஒரு பாட்டிலாகக்கூட இருக்கலாம். இல்லை, உப்புத்தாள். மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாள்தான். மரம் என்றால் உயிராக இருக்கிற ஒரு நல்ல மனுஷன், வாங்குகிறவன் கண்ணைக் குத்துகிறது என்று அழுத பிறகு, கொட்டகையில் உப்புத்தாள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? பழந்துப்பாக்கி சேர்க்கிறவர்களுக்குத் துரு பயமில்லை, விரிசல் பயமில்லை, செல் அரித்தால்கூட அழுதுவிட்டு விட்டுவிடுவார்கள். கட்டைக்கு உப்புத்தாள் போட்டான் என்று கேட்டால் மட்டும் எழவு விழுந்த முகமாகிவிடும். ஆலை முத்திரை போய்விடும், ஆண்டு போய்விடும், யார் யார் தோளில் இருந்ததோ அந்த மெருகெல்லாம் ஒரு தேய்ப்பில் தூளாகிக் கீழே விழுந்துவிடும். கட்டையைத் தொடாதீர்கள் என்று உடனே மின்னஞ்சல் போட்டார். நார்ம் மகள் வீட்டுக்குப் போகும்போதுதான் மின்னஞ்சல் பார்ப்பார். போன் போட்டார், அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. பெட்டிதான் அனுப்பியாகிவிட்டதே, இனித் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன.

"ஏளா, மரத்துல குத்துன எழுத்து எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"காலையிலருந்து இதோட எத்தன தடவை கேட்டுட்டீய. நான் என்ன ஆசாரியா?"

"சும்மா சொல்லு."

"குத்துனவன் கோவத்துல குத்துனானா ஆசையில குத்துனானான்னு பாத்தாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மொதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க. காலப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கதப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நான் கதவைப் பாத்துக்கிடுதேன்."

ஆசையில் குத்தியிருந்தால் ஆழமாக இருக்குமா, இல்லை ஆசையில் பார்த்துப் பார்த்து மெல்லக் குத்தியிருப்பானா? அவர் போகவில்லை. துப்பாக்கி என்றால் அவருக்குப் பயம், இதையும் யாரிடமும் சொன்னதில்லை, சுடும்போது கண்ணை மூடிக்கொள்வார், குழாயைத் துடைக்கும்போது கூடக் காலியாக இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தார். இதே ஜாதித் துப்பாக்கிதான், த்ரீ நாட் த்ரீ, அவர் உயரத்துக்கு அது பெரிசு, தோளில் வைத்தால் கழுத்து ஒரு பக்கம் சாயும். வருஷம் முழுக்கச் சும்மா தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, கடைசியில் நிஜக் குண்டு போட்டுச் சுடுகிற நாள் வந்தபோது அவருக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். மற்றப் பையன்கள் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, சட்டையை இறக்கி, கட்டை உதைத்துக் கன்றிப்போன தோளை ஒவ்வொருவனாகக் காட்டிவிட்டுப் போனார்கள். ஊதா நிறத்தில், ரூபாய் அகலத்துக்கு. அந்த ஊதா நிறம் வேண்டும் என்று அவர் உடம்பு முழுக்க அரித்தது, அது அம்மையின் அரிப்பா வேறு அரிப்பா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் வந்து, வீடு வாங்கி, தலை நரைத்து, முதல் லீ என்ஃபீல்டைத் தோளில் வைத்துச் சுட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் சட்டையை இறக்கிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. சின்னதாக. உலகம்மை மஞ்சள் பற்றுப் போட்டாள், திட்டிக்கொண்டே. அந்தப் பட்டாளத்துக்காரனுக்கும் முதல் நாள் கன்றியிருக்கும். அவனுக்கு யார் பற்றுப் போட்டது? அந்த யி-யா? அவள் எங்கேயோ இருந்திருப்பாள், கம்பங்காட்டிலோ களத்துமேட்டிலோ, இவன் எந்தப் பாலைவனத்திலோ எந்தச் சேற்றிலோ. அவளுடைய பெயரை உதைக்கிற கட்டையில் எதற்குக் குத்தினான்? ஒவ்வொரு குண்டுக்கும் அவள் பெயர் தோளில் வந்து இடிக்கட்டும் என்றா? பிடிபடவில்லை. எதுவோ கைக்கு அருகில் வந்து நழுவுகிறது. எழுத்து இருந்தால் பிடிபடும். இருக்கும், இருக்கவேண்டும், நார்மின் ஆச்சரியம் தேனாகத்தான் இருக்கும், தேன், தேன், சாமி தேனாக இருக்கட்டும், உத்திரத்துக்கு மொட்டை போட்டுக்கொள்கிறேன். இருக்கிற முடிக்கு மொட்டை என்றால் சாமிக்கே நஷ்டம். இனிமேல் அடக்க முடியாது. அவர் மாடிக்கு ஓடினார்.

தாழ்ப்பாள் போட்டார். கீழே கதவு தட்டப்பட்டது.

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கியபோது கதவு திறந்திருந்தது, குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது, வாசலில் தபால் சீருடைப் பெண் ஒருத்தி நின்றாள், உலகம்மை அவள் நீட்டிய கருவியில் விரலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நீளமான பெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. நனையவில்லை. நல்ல நாளாக இருக்கட்டும் என்று ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். போடமாட்டாள் என்று நினைத்த கையெழுத்தை உலகம்மை போட்டுவிட்டாள், அதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும், சொல்ல நேரமில்லை, பெட்டி கனத்தது, நல்ல கனம், கனமே சந்தோஷமாக இருந்தது. இஸ்திரி மேஜைக்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தினார். கத்தியால் ஒட்டுப்பட்டையைக் கீறினார். கை நடுங்கியது, மிக்சர் வேண்டும். செய்தித்தாள் சுருள், இன்னொரு சுருள், தனியாகத் துணியில் சுற்றிய போல்ட், குழாய் முனை, பூட்டு, இரும்பில் கிரீட முத்திரையும் இஷாப்பூரும் கண்ணுக்குத் தெரிந்தன, மனசு குதித்தது, குதித்துக்கொண்டே செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு பின்கட்டை வரை வந்தார்.

தேன் இல்லை. கட்டை பளபளவென்று இருந்தது. ஆடுநாற்காலியின் கைப்பிடிபோல, வழுவழுவென்று, புதுக்கல்யாணப் பெண்ணின் கைபோல எண்ணெய் மினுங்க, ஒரு கீறல் இல்லாமல், ஒரு புள்ளி இல்லாமல். அவர் தொழிற்சாலையில் தலைமுடி அளவு குறையை விரலாலேயே கண்டுபிடிக்கிறவர். விரலை வைத்து மேலும் கீழும் நகர்த்தினார். ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. நார்ம் எவ்வளவு நேரம் உழைத்திருப்பார். பாவி, எவ்வளவு அன்பாக உழைத்திருப்பார். கண்ணைக் குத்துகிறது என்று சொன்னாயே அப்பா, இனிக் குத்தாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வருகிறதா என்று பார்த்தார், வந்தது. முகம் தெரியாத ஒருத்தி கண்டம் கண்டமாகத் தப்பி வந்து, தன் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவன் வீட்டுக்கு வருகிற வழியில், அவனே சொல்லி அவளை அழிக்கவைத்துவிட்டான். பார்க்கப் பிடிக்கவில்லை. கைக்கு அகப்பட்ட துணியை இழுத்துக் கட்டையின்மேல் போட்டு மூடினார்.

உலகம்மை சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சி, காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை, அவள் குடித்தாள்.

"அவன் என்ன செய்வான், நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கான்," என்றாள் கடைசியில்.

"அவன ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன், சகிக்கலன்னு."

"விலையக் கொறைக்கவா சொன்னீய?"

"ஆமா."

"கத்திரிக்காக் கடையிலயும் நீங்க இப்படித்தான், சொத்தை சொத்தைம்பீய," என்று எழுந்தாள். "ஐய, இது எந்துண்டுல்லா. நனைச்சு வச்ச துண்ட எடுத்துப் பொத்தி வச்சிருக்கீய." கட்டையின் மேலிருந்து ஈரத் துண்டை உருவினாள். உருவிக்கொண்டு போகிறவள் நின்றாள். குனிந்தாள். "ஏங்க. இங்க என்ன, வேர்க்குரு மாதிரி?"

அவர் பார்த்தார். ஈரம் பட்ட இடத்தில், வழுவழுப்புக்கு நடுவில், சின்னதாக ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. விரலை வைத்தார். விரலுக்குத் தெரிந்தது, அளக்கிற விரலுக்கு நன்றாகவே தெரிந்தது. பட்டாளத்துக்காரன் குத்தினான், செதுக்கவில்லை. செதுக்கியிருந்தால் மரம் போயிருக்கும். குத்தினதால் மரம் உள்ளே அமுங்கிப்போய்க் கிடந்தது, நார்ம் மேல்மட்டத்தை அந்தக் குழியின் அடிவரைக்கும் தேய்த்துவிட்டார், ஆனால் அமுங்கின மரம் அமுங்கினபடியே கீழே இருக்கிறது, தண்ணீரைக் கண்டால் அது பழையபடி உப்பி எழும்பும், கட்டையில் பள்ளம் விழுந்தால் ஈரத்துணி போட்டுச் சூடு காட்டி எழுப்புவதை அவரே எத்தனை தடவை செய்திருக்கிறார், இந்த வித்தையைப் போய் மறந்துவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாரே. "ஏளா, இஸ்திரிப் பெட்டி. சூடு இருக்கா? தண்ணியக் கொண்டா. சீக்கிரம், இல்ல, மெதுவா, மெதுவா." துண்டை மறுபடி நனைத்துக் கட்டையில் விரித்தார்கள். இஸ்திரிப் பெட்டியை அவளே கையில் எடுத்தாள். சேலைக் கரையைத் தேய்ப்பதுபோல நுனியை மட்டும் வைத்து வைத்து எடுத்தாள். சுஸ் என்று ஆவி கிளம்பியது, எண்ணெயும் பழைய மரமுமாக ஒரு வாசனை எழும்பியது. துண்டை எடுத்தார்கள், இன்னும் எழும்பட்டும், மறுபடி நனைத்தார்கள். முதலில் யி வந்தது. தெரிந்த யி, போட்டோவில் குழியாக இருந்தது இப்போது முத்து முத்தாகப் புடைத்துக்கொண்டு வந்தது, பிறகு துணைக்கால், பிறகு இடது பக்கமாக, கட்டைவிரல் இருந்த இடத்துக்குள்.

அவருடைய கண்ணாடி ஆவியில் மங்கிப்போயிருந்தது. துடைத்தால் மறுபடி மங்கியது. "நீ படி," என்றார்.

உலகம்மை குனிந்து, விரலால் தடவித் தடவிப் படித்தாள். "க. புள்ளி. கு... ப்... குப்பாயி." நிமிர்ந்தாள். "க. குப்பாயி."

குப்பாயி. காத்தாயி இல்லை, மருதாயி இல்லை, அவர் பட்டியலிலேயே இல்லாதவள். பூவலிங்கம் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். இந்த வீட்டில், இந்தத் தெருவில், அனேகமாக இந்த ஊரிலேயே அந்தப் பெயரை யாரும் இதற்கு முன்னால் சொல்லியிருக்கமாட்டார்கள். உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்திலும் அந்தப் பழைய முள் குத்திக்கொண்டே இருந்தது.

"பொண்டாட்டியா இருக்குமோ?"

"பொண்டாட்டியோ, பெத்தவளோ."

"துப்பாக்கியில போயி எதுக்குளா பொம்பளைப் பேரக் குத்துனான்?"

உலகம்மை அவரைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "பாத்திரத்துல எதுக்குப் பேரு வெட்டுதாங்க? நாலு வீட்டுக்குப் போனாலும் திரும்ப நம்ம வீட்டுக்கு வந்து சேரணும்னுதான. துப்பாக்கி வந்தா, தூக்கிட்டுப் போனவனும் கூட வருவாம்லா."

அவருக்கு, அவன் வந்தானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு பேரும் கட்டை உலர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உலர்ந்தும் எழுத்து அமுங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வழக்கப்படி போல்ட்டை எடுத்து, துணியோடு அவளிடம் நீட்டினார். அவள் மேல்தட்டிலிருந்து தூக்குவாளியை இறக்கி, மூடியைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், மறுபடி மூடிவிட்டாள்.

"இது இதுக்குள்ள வேண்டாம்."

"ஏன், எடமில்லையா?"

"எடமெல்லாம் இருக்கு. இது எம் பேரு போட்ட தூக்கு. அடுத்த வீட்டுச் சாமானை இதுல போட்டாக் கலந்துரும்." பெயர் வெட்டாத ஒரு சின்னச் சம்படத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "குப்பாயி வீட்டுச் சாமான். தனியா வைங்க."

பூவலிங்கம் போல்ட்டைச் சம்படத்தில் போட்டு மூடி, தூக்குவாளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தட்டின் மறுகோடியில் வைத்தார்.